மாதா செருப்பு பிழைத்துவிட்டது

மாரியகர்,
மே 19

அன்புள்ள எஸ்கில்,

நலமா? பெர்கனில் மழை விட்டபாடில்லை என்று உன் மகள் எழுதியிருந்தாள். உன் முழங்காலுக்கு ஈரம் ஆகாது, கவனம். நானும் தோராவும் சுகம்.

நீ ஊரைவிட்டுப் போய் மூன்று வருடமாகப் போகிறது. உன் கண்ணாடிக் குடிலைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. இனி எழுதாமல் இருக்க முடியாது. காட்டிலிருந்து நீ தோண்டிக் கொண்டுவந்த மாதா செருப்பு ஆர்க்கிட் பிழைத்துவிட்டது.

தோண்டக்கூடாத அரிய செடி என்று அன்று அதைப் பறிமுதல் செய்த வனக்காவலர் ரிக்மோர், பாதி வேர் அறுந்திருப்பதைப் பார்த்து, உடனே காட்டில் வைத்தால் செத்துவிடும் என்றார். உன் குடிலிலேயே தொட்டியில் வைத்து, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கள்ளி வளர்க்கிறவன் கையில் ஆர்க்கிட்! நீ சிரிப்பாய் என்று தெரியும். முதல் குளிர்காலத்தில் கொல்லத்தான் பார்த்தேன். கள்ளிக்குச் செய்கிற மாதிரி ஜன்னல்களை அடைத்து, ஹீட்டரும் போட்டேன். ஜனவரியில் வந்த ரிக்மோர், "குளிர்ல தூங்குற செடிய ஏன்யா எழுப்புறீங்க? ஜன்னலத் தொறங்க" என்று திட்டினார். அந்த வசந்தத்தில் இரண்டு இலை மட்டும்தான் வந்தது.

போன ஜூனில் ஒரே ஒரு பூ. கடையில் வாங்கிய கன்றுகள் பூக்கும் என்று பதினோரு வருடம் நீ வீணாகக் காத்திருந்தாயே, அதே மஞ்சள். நீ இல்லாமல் அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ரிக்மோர் காட்டுச் செடியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து பல்குத்தியால் தொட்டு வைத்தார். காய் பிடித்தது. தூசி மாதிரி விதை. அதைப் புட்டிகளில் போட்டு இருட்டில் வைத்தோம், பிறகு மூன்று மாதம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில். "மீன் வைக்க எடமில்ல, இவரு செடிக்குப் பிரசவம் பாக்குறாரு" என்று தோரா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இன்று எண்ணினேன், நாற்பத்தொரு நாற்று. எல்லாம் தங்காது. தங்குகிறவற்றுக்கு இன்னும் சில குளிர்காலம் உன் குடில் வேண்டும்.

தாய்ச்செடியைச் செப்டம்பரில் காட்டுக்கே திருப்பி நடப்போகிறார்கள். யார் நடுவது என்று கேட்டேன். ரிக்மோர், "தோண்டினவருக்குத்தான் குழி எங்கன்னு தெரியும். அவரே வந்து நடட்டும்" என்றார்.

நீ வருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைப் பற்றித் தகவல் கொடுத்தது நம் செடி வளர்ப்போர் சங்கச் செயலாளர் ப்ரேபென் என்று நினைத்து அவரோடு பேச்சை நிறுத்தினாய். அவர் பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. அன்று காலை செடி வைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "திரும்பக் கொண்டுபோய் வச்சிடுடா" என்று சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய். சொல்லத் துணிவில்லை. நீ போனதும் ரிக்மோருக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். வழக்கும் அபராதமும் வரும், நீ ஊரையே விட்டுப் போவாய் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடவு. எந்த ரயிலில் வருவாய் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, காலை முதல் வண்டியிலிருந்தே நான் ஹோப்ரோ நிலையத்தில் நிற்பேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் அங்கேயே வைத்துத் திட்டு. அப்புறம் காட்டுக்குப் போவோம்.

உன் வரவை எதிர்நோக்கும்,
ஹோல்கர்