நூற்று எழுபத்தைந்து கிராம் தலைக்கனம்

என் பிடிவாதக்கார மதினிக்கு,

செத்தவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். தட்டிவிட்டேன். இதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் மற்ற சேதியெல்லாம். "அந்தக் கனமான தட்டத் தூக்கிப் போட்டுருடி, தோள்பட்டை போயிரும்" என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னாயே, அதைத் தூக்கிப் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட அதைத்தான் எறிந்தேன். தோள் வலிக்கத்தான் செய்கிறது. வலித்தால் வலிக்கட்டும்.

போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக உனக்கு விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்தாயா? இருந்தபோதே விட்டுக்கொடுக்கவில்லை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நீ என் அண்ணன் பெண்டாட்டி, போடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓடவிட்ட பி.டி. டீச்சர். நான் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, அண்ணனோடு ஏலக்காய் யாவாரம் பார்க்கிறவள். வீட்டில், நாலு பேர் முன்னால், "வாங்க மதினி, போங்க மதினி". போடிமெட்டு தாண்டி நம் தோட்டத்துக்குப் போய்விட்டால் நீ, வா, போ. அந்த ஏற்பாடும் உன்னுடையதுதான். "கூடைக்கு முன்னால என்னடி மரியாதை, எறி" என்றாய்.

உன்னிடம் படித்த பெண் ஒருத்தி பெங்களூரிலிருந்து ஒரு பை நிறையத் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாளே, அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். டிஸ்க் கால்ஃப் என்று பேர் சொன்னாய். தூரத்திலிருந்து தட்டை எறிந்து எறிந்து, சங்கிலி தொங்குகிற ஓர் இரும்புக் கூடைக்குள் விழவைக்கவேண்டும். யார் குறைவான எறியில் விழவைக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. வெல்டிங் பட்டறையில் நீயே நின்று கூடை அடித்தாய். சங்கிலிக்கு மாட்டுச் சங்கிலி. ஏலத்தோட்டத்துக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற புல் சரிவில் அதை நட்டு, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாய்.

கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் கடைசியாக எறிகிற தட்டுக்குப் பட்டர் என்று பெயர் என்றாய். "கோயில் பட்டரா?" என்று நான் கேட்டதற்கு முறைத்தாய். பையில் ஒரே மாதிரி பட்டர்கள் நாலைந்து கிடந்தன. அடியில் கிராம் போட்டிருந்தது. "உனக்குன்னு ஒண்ண எடு" என்றாய். நான் என்ன செய்வேன்? பிறந்ததிலிருந்து ஏலக்காய் பார்த்த கை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கியும் பார்த்தேன். இருப்பதிலேயே கனமானதை எடுத்துத் தனியாக வைத்து, "இதான் முதல் தரம்" என்று சொன்னேன்.

நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "அடியே, இது ஏலக்கா இல்லடி! லிட்டர் வெயிட்டு பாக்குறா பாரு!"

பின்னே? நம் ஊரில் ஒரு லிட்டர் படியில் காயை அள்ளி நிறுத்துப் பார்த்துத்தானே சரக்கு நல்லதா சொத்தையா என்று சொல்கிறோம்? கனம் இருந்தால் உள்ளே அரிசி, அதாவது விதை, முற்றியிருக்கிறது என்று அர்த்தம். லேசாக இருந்தால் வெறும் தோல். தட்டுக்கு மட்டும் வேறு நியாயமா என்றேன். நீ டீச்சர் குரலில் ஆரம்பித்தாய். கனம் என்பது ஒசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. எறிகிற கைக்கும் நிற்கிற இடத்துக்கும் பார்த்து எடுக்கணும். லேசான தட்டு கை சிரமப்படாமல் மிதந்து போகும். கனமானது காற்றுக்கு அசையாது, ஆனால் தூக்கி எறியத் தோள் வேணும். கை அலுத்துவிட்டால் கூடைக்கு முன்னாலேயே தலையைக் கவிழ்த்துவிடும். எல்லாம் சொல்லிவிட்டு நூற்று அறுபதை எடுத்து என் கையில் திணித்தாய்.

நான் அதை உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நூற்று எழுபத்தைந்தை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. காற்று இல்லாத காலையில் உன் நூற்று அறுபது பூப் போலப் போய்ச் சங்கிலியில் உட்காரும். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முந்தானையைச் சொருகிக்கொண்டு நடப்பாய். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் உன் தட்டு எதிர்க்காற்றில் மேலே தூக்கிக்கொண்டு, கூடையைத் தாண்டிப் போய்ச் சரிவில் உருண்டு, ஏலச்செடிக்குள் காணாமல் போகும். தோட்டத்தில் வேலை பார்க்கிற பாக்கியம்தான் தேடி எடுத்து வருவாள். "மதி, சேச்சி! போதும், காத்து அடங்கட்டு!" என்று பாதி மலையாளத்தில் கெஞ்சுவாள். என்னுடையது கல்லு மாதிரி நேரே போகும். அப்போது நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சும்மா சிரிப்பேன். அதற்கே உனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம்மில் யார் சொன்னது சரி? கடைசி வரைக்கும் நீயும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, சேதிக்கு வருகிறேன். உன் கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் நான் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். தனியாகத்தான். ஊர் சும்மா இருக்குமா? முருகாயி சித்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். "மதினி போயி வருசம் திரும்பல, தாலியறுத்தவ மலையில போயித் தட்டு எறியுறாளாம். அம்புட்டுத் தலைக்கனம்!" என்றாள். நான் தட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "ஆமா சித்தி. நூத்தி எழுபத்தஞ்சு கிராம். தூக்கிப் பாருங்க" என்றேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஊரை விடு. அண்ணன்தான், மதினி. உன் புருஷன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், "ஏத்தா மல்லிகா, அந்தக் கூடையப் பிடுங்கிறலாம்னு இருக்கேன். அந்த இடத்துல தண்ணித் தொட்டி கட்டணும்" என்று. தொட்டி கட்ட வேறு இடமா இல்லை? கேட்டேன். பையையும் அந்தப் பெங்களூர்ப் பெண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். உன்னோடு சண்டை போட இந்த உலகத்தில் எனக்கு மிச்சமிருக்கிற இடம் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் நான் எங்கே போய் நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் கடப்பாரையை ஏற்றினார். நானும் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மேலே நல்ல காற்று. ஜீப்பை விட்டு இறங்கும்போதே கூடையின் சங்கிலி சலசலக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் கடப்பாரையோடு நடந்து போனவர், பாதியில் நின்றுவிட்டார். "கேட்டியாத்தா? யாரும் எறியாமலே அடிக்குது. நான் ஸ்டோர்ல காய் உலத்திக்கிட்டு இருப்பேன். இந்தச் சத்தம் வரும். அவதான் எறியுறான்னு தலையத் தூக்கிப் பாப்பேன். முடியலத்தா என்னால."

நான் விடவில்லை. "கேக்கட்டும்ணே. உங்களுக்குக் கேக்கணும், எனக்கும் கேக்கணும். காதப் பொத்திக்கிட்டா மதினி இல்லாமப் போயிருமா? நான் இருக்கிற வரைக்கும் இதுல யாரும் கைவைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, பாறைமேல் ஏறி நின்று நூற்று எழுபத்தைந்தை எறிந்தேன்.

விழுந்தது என்று எழுத ஆசைதான். விழவில்லை. நேரேதான் போனது. கூடை நிற்கிற கம்பத்தில் டங்கென்று அடித்து, தெறித்து, சரிவில் உருண்டு ஏலச்செடிக்குள் போய்விட்டது. நீ இருந்திருந்தால் மலை அதிரச் சிரித்திருப்பாய்.

"விழலையே" என்றார் அண்ணன்.

"விழுந்தாத்தான் கூடை நிக்கணுமா? மதினிக்குத் தினமும் விழுந்துச்சா?"

அண்ணன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினார். வெகுநேரம் செடிக்குள் தேடினார். தட்டோடு ஏறி வரும்போது, அவருக்கே தெரியாமல், அதை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வந்தார். பழக்கம் எங்கே போகும்? கிட்டே வந்து, "இது அவளோடது இல்லையே" என்றார்.

"என்னோடது."

"அவளோடத எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையில் என்னுடையது, ஒரு கையில் உன்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துப் பார்த்தார். அவர் உதடு கோணியது. "எம்புட்டு லேசா இருக்குத்தா" என்றார். "கடைசியில அவளும் இப்பிடித்தான் இருந்தா. கட்டில்லருந்து தூக்குனா கையில கனமே தெரியல. நல்ல கனமான பொம்பளத்தா அவ."

மதினி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கும் போடிக்குமாக உன்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அப்போது ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன். வாராவாரம் நீ குறைந்துகொண்டே வந்தது என் கைக்கும் தெரியும். அதனால்தான் உன் பேச்சைக் கேட்கவில்லை. லேசானதை எறி என்கிறாய். லேசாவது என்றால் என்னவென்று தூக்கிப் பார்த்தவள் நான். எனக்கு வேண்டாம். தோள் போனாலும் என் கையில் கனம் தெரியவேண்டும்.

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கூடையிடம் போனார். கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. "அன்னைக்கே சொன்னேன், பள்ளம் பத்தாதுன்னு. கேட்டாளா?" என்று உன்னைத் திட்டினார். பிறகு கடப்பாரையை எடுத்தார். குத்தினார், மதினி. கம்பத்தைச் சுற்றி ஆழமாகக் குத்தி, இன்னும் ஒரு முழம் இறக்கி, கல்லை வைத்துக் கெட்டித்தார். பாக்கியமும் நானும் கல் பொறுக்கிக் கொடுத்தோம். வேர்த்து வழிய நிமிர்ந்து, உன் நூற்று அறுபதை வாங்கி ஒரு எறி எறிந்தார். எப்படி எறிந்தார் என்று கேட்காதே. காற்று அதை ஜீப்புக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டது. "சனியன், சொன்ன பேச்சக் கேக்குதா பாரு, அவள மாதிரியே" என்றார். அழுதுகொண்டே சிரித்தார்.

உன் தட்டு இப்போது அவருடைய ஜீப்பில், டாஷ்போர்டு மேல் இருக்கிறது. பையில் போடு என்றால் கொடுக்கமாட்டேன் என்கிறார். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு எதிராக உன் கட்சியில் அவர் எறிவாராம். தோற்கடிப்பேன். ஆடி போய்க் காற்று அடங்கும், லேசானது ஜெயிக்கிற காலமும் வரும். அப்போதும் நான் நூற்று எழுபத்தைந்தைத்தான் எடுப்பேன். ஒருநாள் இந்தத் தோள் தூக்கமாட்டேன் என்று சொல்லும். அன்றைக்கு இடது கையால் எறிவேன். கூடை நிற்கும், மதினி. அதற்கு நான் பொறுப்பு.

உன் பேச்சைச் செத்தாலும் கேட்காத,
உன் நாத்தனார்
மல்லிகா