உப்புப் படாத வண்டி

டூசான், அரிசோனா
நவம்பர் 6, 1996

அன்புள்ள யூஜினுக்கு,

மூன்று வாரம் யோசித்து, நேற்றுக் காலை ஆகாரத்துக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உன் அக்கா டோலோரஸ் சாட்சி. என் ஸ்பேனர் பெட்டியின் மேல் தட்டைத் திறக்க உனக்கு அனுமதி தருகிறேன். இன்று முதல் அமலுக்கு வருகிறது. கீழ்த் தட்டு பற்றி உன் நடத்தையைப் பார்த்து முடிவு செய்யப்படும்.

மே மாதம் சவுத் பெண்டில் பழைய கார் சங்கத்துக் கண்காட்சி. ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஸ்டூடிபேக்கர் கார், அதைச் செய்த தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் கையிலேயே இன்றுவரை இருப்பது, அடியில் ஒரு துருப் புள்ளி இல்லாதது, என்னுடையது ஒன்றுதான். நடுவர்கள் அடியில் கண்ணாடியைத் தள்ளிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பனி உருக உப்புத் தூவிய, வண்டியைத் துருப்பிடிக்க வைக்கும் ரோட்டை அதன் சக்கரம் ஒரு குளிர்காலத்தில்கூடத் தொட்டதில்லை. நவம்பரில் உள்ளே போனால், ஏப்ரல் மழை ரோட்டைக் கழுவிய பிறகுதான் வெளியே.

நான் இங்கே வந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அது ஓடவில்லை. மெக்கானிக்கை விட்டால் புதுச் சாமானை மாட்டிவிட்டுப் பழசைக் குப்பையில் போடுவான். நீ பல் டாக்டர். பிடுங்கினதை அதே குழியில் திரும்ப வைக்கக் கற்றுக்கொள். பாட்டரி மட்டும் புதிது வாங்கலாம், ஆறு வோல்ட். மற்றதெல்லாம் என் அலமாரியில் கம்பெனி டப்பாவோடு இருக்கிறது.

போன் செய்யாதே. நீ முனகுவது எனக்குக் கேட்பதில்லை.

உன் தகப்பன்,
காசிமிர் நொவிக்கி


சவுத் பெண்ட், இண்டியானா
நவம்பர் 30, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

மேல் தட்டைத் திறந்தேன். நன்றி.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பசை மாதிரி பிடித்திருந்தது. கழற்றி, ஒவ்வொரு துண்டையும் கிளினிக் தட்டில் நம்பர் போட்டு வைத்தேன். துவாரங்களைப் பல் வேருக்குள் விடும் ஊசியால் சுத்தம் செய்தேன். அதற்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்று நினைக்கிறேன். பிரேக் சிலிண்டர் இரண்டு இறுகிப் போயிருக்கின்றன. ரப்பர் உங்கள் டப்பாவில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஜாபோ தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். "என்னப்பா டாக்டர், வண்டி வாயைத் தொறக்குதா? ஊசி போட்டியா?" என்கிறார். நேற்று நான் போல்ட்டை அதன் பழைய துளையிலேயே தேடித் தேடிப் போடுவதைப் பார்த்து, "ஒங்கப்பன்கிட்ட இவ்ளோ பயமா? ரெண்டாயிரம் மைல் தள்ளி இருக்கான்யா அந்தாளு" என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். குளிர்காலத்தில் அதை எப்படிப் பராமரித்தீர்கள்? உங்கள் காலத்தில் இருந்த மாதிரியே, கொஞ்சமும் மாறாமல் செய்ய ஆசை.

அன்புடன்,
யூஜின்


டூசான்
டிசம்பர் 9, 1996

அன்புள்ள யூஜினுக்கு,

பல் குத்தும் ஊசியா? இதை டோலோரஸிடம் சொல்லவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

உனக்குப் பதினாறு வயதில் ஒரு ஸ்பார்க் பிளக்கை முறுக்கி உடைத்தாயே, நினைவிருக்கிறதா? தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். ஜாபோ இன்னும் சிரிக்கிறான் என்றால் அதில் ஆச்சரியமில்லை. அன்றைக்குத்தான் நீ மருத்துவத்துக்குப் போவது நல்லது என்று எனக்குப் பட்டது. மனுஷனுக்கு முப்பத்திரண்டு பல். ஒன்று உடைந்தாலும் பாக்கி இருக்கும்.

பராமரிப்பு கேட்டாய். எழுதிக்கொள். பாட்டரியை வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் கொண்டுபோய் மாட்டி, பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிடுவேன். இங்கே வரும்வரை ஒரு குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை, ஒரு நாள்கூடப் பிரித்துப் போட்டதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் இரண்டாவது சுற்றில் பிடிக்கும். உன் அம்மா அவள் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள், இது பாடிக்கொண்டிருக்கும்.

கீழ்த் தட்டைத் திறக்கலாம். மே மாதம் வண்டியை ஜாபோ ஓட்டுவான், நீ பின்னால் நடந்து வா. ரிப்பேர் செய்தது நீ என்று யாரிடமும் சொல்லாதே. நடுவர்கள் சிரித்தால் மார்க் போய்விடும்.

உன் தகப்பன்,
காசிமிர்


சவுத் பெண்ட்
ஜனவரி 7, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். டோலோரஸ் அனுப்பிய ஆரஞ்சுப் பழங்கள் வந்தன.

பிரேக் முடிந்தது. நான்கு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்கின்றன. என்ஜின் சனிக்கிழமை உயிர் பெற்றது. கீழ்த் தட்டில் இருந்த உங்கள் பழைய அளவுத் தகட்டை வைத்துத்தான் பிளக் இடைவெளியைப் பார்த்தேன். எதையும் உடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒரு நாள்கூடப் பிரித்துப் போட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எண்பத்தொன்பது பிப்ரவரி பதிமூன்றாம் தேதி திங்கட்கிழமை. அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்த காலை, அவள் வண்டி கிளம்பவில்லை. ஆம்புலன்ஸ் இரண்டும் ஹைவே விபத்துக்குப் போயிருந்தன. ஸ்டூடிபேக்கரைப் பிரித்துப் போட்டிருந்ததாக அடக்கத்தன்று என்னிடமும் டோலோரஸிடமும் சொன்னீர்கள். எட்டு வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஜாபோவிடம் கேட்டேன். சொன்னார்: "நான் ஷிப்ட் முடிஞ்சு டிரக்கோட வர நாப்பது நிமிஷம் ஆச்சுப்பா. ஒங்கம்மா வாண்டா சமையலறையில கோட்டு மாட்டி, கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கராஜ் கதவு தொறந்துதான் இருந்துச்சு. வண்டி முழுசா நின்னுச்சு."

சண்டைக்குக் கேட்கவில்லை. ஏன் எடுக்கவில்லை?

இன்னொன்று. மே வரைக்கும் காத்திருக்காமல், நான் ஒரே ஒரு தடவை அதை ஓட்டிப் பார்க்கலாமா?

அன்புடன்,
யூஜின்


டூசான்
ஜனவரி 20, 1997

யூஜினுக்கு,

பிரேக்கைப் பற்றி எழுதியது போதுமானதாக இருந்தது. மற்றவை தேவையற்றவை.

ஜாபோ குடிகாரன். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம். அன்றைக்குப் பதினான்கு டிகிரி ஃபாரன்ஹீட், தண்ணீர் உறையும் குளிர். அந்தக் குளிரில் அது கிளம்பியிருக்காது. கிளம்பியிருந்தாலும் அந்த ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு அரை மணி ஆகும். இருபது நிமிஷத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டரே சொன்னார். அரை மணி ரோட்டில் இருபது நிமிஷத்துக்கு நான் எங்கே போவேன்? கணக்குப் பார், நீ படித்தவன்.

நான் வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்காமல் இல்லை. உன் அம்மாதான் சொன்னாள், "வேணாம் காஸ், ரோடு பூரா உப்பு போட்டிருக்கான். ஜாபோ வந்துரட்டும்" என்று. வண்டியின் அருமை அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்ததில் அவள் கற்றுக்கொண்டது அது. நீ என் மகனாய்ப் பிறந்தும் கற்றுக்கொள்ளவில்லை.

ஓட்டக் கூடாது. டிரைவர் சீட்டில் உட்காரவும் கூடாது, சீட்டுத் துணி கம்பெனி துணி. பெடலை அழுத்த வேண்டுமானால் கதவைத் திறந்து, வெளியே நின்று, குனிந்து கையால் அழுத்து.

காசிமிர் நொவிக்கி


சவுத் பெண்ட்
பிப்ரவரி 13, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்திருக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டும் அதன் துளையில் இருக்கிறது. பாட்டரியைத் தவிரப் புதிதாக எதையும் வாங்கி மாட்டவில்லை. பாட்டரியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பத்து நிமிஷம் ஓடவிட்டேன்.

இன்றைக்கும் பதினான்கு டிகிரி. அதற்காக வாரம் முழுக்க ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. நீங்கள் சொன்னது சரிதான்.

ஜாபோ பக்கத்து சீட்டில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தார். குடித்திருக்கவில்லை. சமையலறை நாற்காலியிலிருந்து நான் எழுந்தபோது மணி பார்க்கச் சொல்லியிருந்தேன். "கோட்டு மாட்டற நேரத்தையும் சேத்துக்கவா?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

முன்னால் நகராட்சி லாரி உப்பு தூவிக்கொண்டே போனது. அதன் பின்னாலேயே போனேன். முந்தவில்லை. இரண்டு சிக்னலிலும் சிவப்பு, இரண்டிலும் நின்றேன். எந்த இடத்திலும் அவசரப்படவில்லை. வண்டி நேராகப் போகிறது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை.

இதை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டியை இன்னும் கழுவவில்லை.

பதினோரு நிமிஷம் ஆனது.

யூஜின்