படிகளை உடைத்த முனுசாமிக்கு

என் ஆசை மச்சான் முனுசாமிக்கு,

வருகிற ஐப்பசியோடு நீ போய் இரண்டு வருஷம். உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் நம் ஊரில் ஒருவர் காலிலும் நரம்புச்சிலந்திப் புழு வரவில்லை. ஒருவர் காலிலும் இல்லை, மச்சான்! இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டாமா?

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று ஞானம்மா டீச்சர் சொல்லிவிட்டார்.

நான் ரயிலில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திருநின்றவூருக்கு வந்த புதிதில் பகல் நகரவே நகராது. மிஷன் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சருக்கும் அதே பாடுதான். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்துவிட்டுப் போன மைக்ராஸ்கோப் அவர் வீட்டில் துணி போர்த்திக் கிடந்தது. ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் ஞாயிறு மத்தியானம் வரலாம் என்று அறிவித்து, சயன்ஸ் சபை என்று பெயரும் வைத்தார். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘கெழடுங்க இஸ்கூலு’.

“அங்க இன்னா மச்சான் காட்றாங்க, பயாஸ்கோப்பா?” என்று கேட்டுக்கொண்டுதானே நீ முதல் நாள் வந்தாய்? வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு, “செங்கல் அடுக்கி வெச்ச மாதிரி கீதே!” என்று கத்தினாய். அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. மாட்டு மயிர், நெற்பூ, எறும்புக் கால் என்று மடியில் எதையாவது முடிந்துகொண்டு வருவாய். தகர டப்பாவை மழையில் வைத்து, குச்சியால் அளந்து, எத்தனை விரற்கடை என்று எங்களுக்குச் சொன்னவனும் நீதான்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. ஊர்ப் படிக்கிணற்றுத் தண்ணீரை டீச்சர் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். துள்ளித் துள்ளி ஓடும் சின்னப் பூச்சிகள். நரம்புச்சிலந்தியின் குஞ்சு அந்தப் பூச்சிக்குள்தான் வளர்கிறது, தண்ணீரோடு நம் வயிற்றுக்குள் போகிறது என்றார். “கால் வைத்து இறங்கி மொள்ளும் கிணறு ஆகாது. படிகளை எடுத்துவிட வேண்டும்.”

நீ எழுந்து நின்றாய். “எங்க தாத்தா வெட்டுன கெணறு டீச்சரம்மா. பஞ்சத்துல ஊரையே காப்பாத்துச்சு. அதுவா நோவு குடுக்குது?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு சபைப் பக்கமே வரவில்லை.

அந்தப் பங்குனியில் உன் கணுக்காலிலேயே கொப்புளம் கிளம்பியது. எரிச்சல் தாங்காமல் காலையில் கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துவிட்டு வருவாய். ஊரில் எல்லோரும் செய்ததுதான். நான் டீச்சரை அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் உன் காலை வைக்கச் சொன்னார். கொப்புளத்திலிருந்து பால் மாதிரி ஏதோ கசிந்தது. அதில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். நீ குனிந்து பார்த்தாய்.

“இதெல்லாம் இன்னா மச்சான், நெளிஞ்சிகினு கீது?”

“குஞ்சுங்க.”

“எத்தினி?”

“எண்ண முடியாதுடா.”

நீ நிமிரவில்லை. “காத்தால கெணத்துல கால வெச்சனே...” என்றாய். பிறகு டீச்சரிடம் கேட்டாய்: “அப்போ ஊருக்கு நான்தான் குடுத்துகினு இருந்தனா?”

டீச்சர் பொய் சொல்லவில்லை. “நீங்க மட்டும் இல்ல முனுசாமி. புண்ணோட கால வச்ச எல்லாரும்தான்.” அப்போது உன் முகம் இருந்த இருப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கால் ஆறியதும் கடப்பாரையோடு போனாய். பங்காளிகள் மறித்துக்கொண்டார்கள். “பாட்டன் கட்டுன படி மேலயா கை வைக்கிற?” என்றார் உன் பெரியப்பா மகன் கோவிந்தன். “எங்க தாத்தா தண்ணி குடுக்கத்தான் வெட்னாரு. தண்ணி இருக்கும். படிதான் போவுது” என்றாய் நீ. பெயர்த்த கல்லை எல்லாம் சபைக் கிழவர்கள் நாங்கள்தான் சுமந்தோம். அதே கல்லில் சுற்றுச்சுவர் எழும்பியது. மேலே கப்பி போட்டுக் கயிறும் கட்டினாய். என் முட்டி ஒரு மாதம் வலித்தது, தெரியுமா?

ஐப்பசிக் காய்ச்சலில் நீ போனபோது பங்காளிகள் தோள் கொடுத்தார்கள். ஆனால் உன் பெண்சாதி கண்ணம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த கோடையில் மறுபடியும் பலர் காலில் சிலந்தி வந்தது. ‘படியை உடைச்சது தண்டம்’ என்று ஊரே பேசிற்று. எனக்குமே உள்ளுக்குள் ஆட்டம்தான். கண்ணம்மா அசரவில்லை. தினமும் விடிந்ததும் வெள்ளைத் துணியோடு கிணற்றடியில் நிற்பாள். வருகிற குடத்துக்கெல்லாம் வாயில் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டி அனுப்புவாள். முணுமுணுத்தவர்களிடம், “ஒரு வருசம் ஒடம்புல இருந்துட்டுத்தான் வெளிய வரும்னு அவரு சொன்னாரு. இப்ப வர்றது போன வருசத்துத் தண்ணி. அடுத்த கோடை வரிக்கும் வாய மூடிகினு இருங்க” என்றாள். அதை நீ அவளுக்கு எப்போது சொல்லி வைத்தாய்?

இந்த வருஷம் பங்குனியிலிருந்து ஆனி வரை சபையார் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். எல்லா வீட்டிலும் இல்லை, இல்லை என்றுதான் பதில். போன வாரம் கோவிந்தன் கையோடு சுண்ணாம்பு கொண்டுவந்து கிணற்றுச் சுவருக்கு வெள்ளையடித்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே வந்தார். கண்ணம்மா அவருக்கு மோர் கொடுத்தாள்.

மற்றபடி, ஆவடிப் பக்கம் யுத்தத்துக்காகப் பட்டாளக் கூடாரங்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. ரயிலெல்லாம் சிப்பாய்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. வெயில் இருக்கும்போதே சபையை முடித்துவிடுகிறோம்.

போன ஞாயிறு கண்ணம்மா சபையில் சேர்ந்தாள். வடிகட்டிய தண்ணீரில் ஒரு சொட்டை டீச்சர் அவளுக்குக் காட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“இன்னா அண்ணே, ஒண்ணுமே இல்லியே?” என்றாள் என்னிடம்.

“அதைப் பாக்கத்தாம்மா கூப்ட்டோம்” என்றேன்.

அவள் மறுபடியும் குனிந்தாள். எழுந்திருக்க அவளுக்கு மனமில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

நெமிலிச்சேரியிலும் ஒரு படிக்கிணறு இருக்கிறது. அங்குள்ள பெரியவர்கள் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு மைக்ராஸ்கோப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அங்கே பேச்சை நான் தொடங்க வேண்டுமாம். நீ கோபித்துக்கொண்டு போனதையும் சொல்வேன், குனிந்து பார்த்ததையும் சொல்வேன், கடப்பாரை எடுத்ததையும் சொல்வேன். எதையும் மறைக்க மாட்டேன், எதையும் கூட்டிச் சொல்லவும் மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ரத்தத்தில் இல்லாவிட்டாலும் உறவில் என்றும்
உன் மச்சான்,
அந்தோணி