மீன்தலைத் தளபதியின் செப்புத்தகடு

டிரெஸ்டன், மார்ச் 1933

அன்பு மருமகள் ஹெட்விக்குக்கு,

யாராலுமே நம்ப முடியாத ஒரு கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். உன் வீட்டில் பதுங்கியிருக்கும் அப்பாவைப் போலீஸ் தேடுகிறதா என்று கேட்டிருந்தாயே, பதில் இதில்தான் இருக்கிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

செவ்வாய்க்கிழமை என் அச்சுப் பட்டறைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேசைமேல், புது ஆட்சியைக் கேலி செய்து உன் அப்பா செதுக்கிய செப்புத்தகடு கிடந்தது. நத்தைமேல் சவாரி போகும் மீன்தலைத் தளபதி, அவன் பின்னால் தலையில்லாமல் அணிவகுக்கும் ஓர் ஊர். அவர்களைக் கண்டதும் தளபதி தகட்டிலிருந்து குதித்து, "எவன்டா அங்க? என் பீர் எங்க?" என்று கர்ஜித்தான். இருவரும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். நத்தை சின்னவரின் தொப்பியைத் தின்று ஏப்பம் விட்டது.

பெரியவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓவியன் கையெழுத்துப் போடுவது தகட்டிலிருந்து அச்சடித்த காகிதப் பிரதியின் அடியில், பென்சிலால். தகட்டில் பெயர் இருக்காது. கையெழுத்திட்ட பதினெட்டுப் பிரதிகளையும் நத்தை முந்தின நாளே தின்றுவிட்டதாக வைத்துக்கொள்; சாம்பல்கூட மிச்சமில்லை.

"பேரே இல்லையே. யாருய்யா செஞ்சது?"

"நான்தாங்க."

"இந்த வயசுலயா?"

"வயசானாத்தாங்க இப்படியெல்லாம் கனவு வருது."

களைப்பாக இருக்கிறது, பெண்ணே. வெள்ளிக்கிழமை ஒரு மாற்றுத்துணியோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பாவை இனி யாரும் தேடமாட்டார்கள். ஆனால் இது தெரிந்தால் "அது என் படைப்பு" என்று ரோஷத்தில் கிளம்பி வந்துவிடுவான். அவன் பூட்ஸை ஒளித்து வை.

தளபதி, நத்தை, தொப்பி எல்லாம் புளுகு. "நான்தாங்க" என்று சொன்னது மட்டும் நிஜம்.

உன் மாமா