அமைச்சரிடம் காட்டும் பொறுமை

ஒட்டாவா,
பிப்ரவரி 9

அன்புள்ள கார்டனுக்கு,

நலம். உன் நலத்தைக் கேட்கவில்லை. நீ தூதராகப் போயிருக்கும் நாட்டின் அமைச்சர் துர்மானோவ் உன்னை நன்றாகவே கவனித்துக்கொள்கிறார் என்று உன் கடிதம் சொல்கிறது. இங்கே கால்வாய் உறைந்துவிட்டது. வாசல் பனியை நான்தான் தள்ளுகிறேன்.

அவர் தேநீரில் இரண்டு கரண்டி செர்ரி ஜாம் போடுவார், அவருக்கு முழங்கால் வலி, மகள் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாய். நான் சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. போன முறை வந்தபோதும் என் காப்பியில் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தாய்.

பக்கத்து வீட்டு பெர்னடெட்டிடம் புலம்பினேன். "அடிப்பாவி, அவனுக்கு அங்க எவளோ இருக்கான்னு நினைச்சேன். கடைசியில ஒரு மீசைக்கார மந்திரியா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணாக இருந்தால் சண்டையாவது போடலாம். ஆட்களைச் சிறையில் தள்ளிவிட்டுத் தேர்தலைத் தள்ளிப்போடுகிற மனிதர்மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மிரட்டினால் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பேசிக்கொண்டே இருந்தால் ஒருநாள் திறப்பார்கள் என்பாய். பதினான்கு மாதமாக அவரிடம் பேசுகிறாய். கோபத்தில் நான் படுக்கையறைக் கதவைச் சாத்தியபோது நீ ஒரு தடவைகூடத் தட்டவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாய். இப்போது இன்னும் ஓராண்டு தூதராக இருக்கச் சொல்கிறார்களாம். சம்மதிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். போன மாதம் அங்கே சிறையிலிருந்து விடுதலையான பத்திரிகை ஆசிரியரின் மனைவி மெஹ்ரி எழுதியிருக்கிறாள். "நீங்கள் பேசியதால்தான் அவர் வெளியே வந்தார். இப்போது எதிரில் உட்கார்ந்து, ரொட்டி கருகிவிட்டது என்று என்னைத் திட்டுகிறார். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது" என்கிறாள். அடுப்பில் போட்டுவிடலாம் என்று எழுந்தேன். துர்மானோவ்மேல் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை, மெஹ்ரிமேல் பட்டதுதான் பொறாமை என்று அப்போதுதான் தெரிந்தது.

போடவில்லை. இதோடு வைத்திருக்கிறேன், படி. தேர்தல் தேதியையும் வாங்கிவிடு. அந்த ஊர் ஜனங்கள் நன்றாக இருக்கட்டும். அதற்குமேல் ஒரு நாள்கூட ஒத்துக்கொள்ளாதே. ரொட்டியை நானும் கருகவிடுகிறேன், வந்து எதிரில் உட்கார்ந்து திட்டு.

மெஹ்ரியின் கணவரை அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தாய், கார்டன். என் கணவரையும் அனுப்பிவை.

உன்,
ஐலீன்