ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்த அம்மா

காஞ்சிபுரம்,
ஆவணி 12

அன்பு மகள் துர்காதேவிக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்களா. சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் பாதி பொய், மீதியைக் கீழே சொல்கிறேன், பதறாமல் படி.

நீ பீரோவில் வைத்துவிட்டுப் போன கேமராவை எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். அறுபத்திரண்டு வயசில் அப்பாவுக்கு இது தேவையா என்று நீ சிரிப்பது தெரிகிறது, சிரி. முதல் பத்து நாள் எல்லாப் படமும் ஆடித்தான் வந்தது, தறியில் நாடாக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தே பழகின கை, பொத்தானையும் அப்படியே அழுத்தியிருக்கிறது. ஸ்டுடியோ சிவபாலன்தான் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பொத்தானைப் பாதி அழுத்தி, படம் தெளிந்ததும் மீதியை மெதுவாக அழுத்தச் சொன்னான். ஆட்டம் நின்றதும் உன் அம்மாவை உட்காரவைத்தேன். நெய்து முடித்த புடவையில் குறை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம், ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தானே, அந்த புத்தியில் அவளையும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து எடுத்துத் தள்ளினேன். அத்தனையிலும் அடிப்பிடித்த சட்டி மாதிரி ஒரே கறுப்பு. சிவபாலன் விழுந்து விழுந்து சிரித்தான், புடவைக்குத்தான் பின்னாடி வெளிச்சம் வேணும்பா, ஆளுக்கு மூஞ்சியில விழணும் என்றான். நான் நொந்துபோய் வந்தால் உன் அம்மாவுக்கோ அந்தப் படங்கள்தான் பிடித்துப்போயின. இப்படியே எடுங்க, துர்காவுக்கும் இதையே அனுப்புங்க என்றாள்.

ஏன் பிடித்தது என்பதைத்தான் இத்தனை நாள் மறைத்தோம். வைகாசியில் ஒருநாள் காலையில் உன் அம்மா வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது, பார்த்தால் முகத்தில் இடது பக்கம் தொங்கிப்போய், அந்தக் கண் முழுசாக மூடவில்லை. டாக்டர் இது முகத்து நரம்பு, உயிருக்கு ஒன்றுமில்லை, மெதுவாகச் சரியாகும் என்றார். மாத்திரை முடிந்தது, இப்போது தினம் பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார், அது புஸ்ஸென்று ஓரமாகப் போகும்போது அவளே சிரித்துவிடுவாள். ஆனால் நீ வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் போனை என்னிடம் தள்ளிவிட்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவா என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், நானும் காப்பாற்றினேன், அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

போன ஞாயிறு நீ என்னிடம், அம்மாவுக்கு இன்னும் என்மேல கோவமாப்பா, அதான் மூஞ்சி காட்ட மாட்டேங்குதா என்று கேட்டாயே, போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவள் கதவோரம் நின்று கேட்டுவிட்டாள். நீ வெளிநாடு போகக்கூடாது என்று அவள் போட்ட சண்டையை நீ இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். மறுநாள் பத்து மணிக்குத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள், நான் பழையபடி போட்டுவைத்திருந்த நாற்காலியை அவளே திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளிச்சம் நல்லா விழுதா பாருங்க, இப்ப எடுங்க என்றாள். நான் அவசரத்தில் பழையபடி பொத்தானை வெடுக்கென்று அழுத்திவிட்டேன், எடுத்த ஏழில் ஒன்றுதான் தெளிவு. சிரிக்கப் பார்த்திருக்கிறாள், வலது பக்கம் வந்தது, இடது பக்கம் வரவில்லை. எனக்கு அவள் அழகாகத்தான் தெரிகிறாள்.

போனில் அனுப்பாமல் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் பிரித்துப் பார். அழுதுகொண்டு டிக்கெட் போடாதே, வீடியோவில் கூப்பிடு, இனி எழுந்து போகமாட்டேன் என்றிருக்கிறாள். கூப்பிடும்போது அவள் வாயையே பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பேசு, கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழவேண்டும். படத்தின் பின்னால் அவளே என் பேனாவை வாங்கி உனக்கு எழுதியிருக்கிறாள், கோவம்லாம் ஒண்ணும் இல்லமா, வாய் கோணிக்கினு இருக்குது, அவ்ளோதான் என்று.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவேந்திரன்