நோராவை விட்டுவிட்டுப் போன கப்பல்

அத்திவரதர் குளத்தை விட்டு மேலே வந்து, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஆட்டோ நுழைய வழியில்லாமல் சனம் நின்ற வருஷம் உன் கண் போனது. பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் போன வருஷம் நீ போனாய். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் அந்தத் தொடரைப் பார்த்தோம்.

நேற்று உன் தெருப் பக்கம் வந்தேன். உன் வீட்டுச் சாம்பிராணி வாசம் தெருமுனை வரைக்கும் வந்திருந்தது. உனக்குத் தெவசம். உள்ளே போய்க் கும்பிட்டேன், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அந்த வாசம் சட்டையை விட்டுப் போகவில்லை, உன்னோடு பேசாமல் இருக்கவும் முடியவில்லை. நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள்.

எனக்கு எழுத்து தெரியாது என்பதை நீதான் முதலில் கண்டுபிடித்தாய். அப்போது நான் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சினிமாக் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமானவர்கள் நாம். படத்தில் ஒரு கடிதமோ போர்டோ வந்தால் நான் அசட்டுச் சிரிப்பு சிரிப்பேன். அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், அன்றிலிருந்து என் காதில் படித்துச் சொல்ல ஆரம்பித்தாய். அதனால்தான் உன்னை வாத்தியாரே என்று கூப்பிட்டேன். ஒரு படத்தில் கதாநாயகி அழுதுகொண்டே கடிதம் எழுதுகிறாள். கொட்டகையே மூக்கை உறிஞ்சுகிறது. "இன்னா வாத்தியாரே எழுதிக்கிறா?" என்றேன். "தாசு போய்க் கடலை வாங்கியாரணுமாம்" என்றாய். நான் பாதி எழுந்துவிட்டேன். நீ சிரித்த சிரிப்பில் முன்வரிசை ஆள் திரும்பி நம்மை அடிக்க வந்தான்.

சர்க்கரை உன் கண்ணைத் தின்றபோது நீ அழுததாக எனக்கு நினைவில்லை. தறியை விட்டு எழுந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாய், அவ்வளவுதான். ஆனால் பேச்சு நின்றுபோனது. அதுதான் அண்ணியைப் பயமுறுத்தியது. "தாசு, தினம் வந்து எதுனா பேசிக்கினு இருப்பா. என்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்கறாரு" என்றாள். நான் வந்தேன். என்னிடமும் நீ வாயைத் திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு நாள் டிவியைப் போடச் சொன்னேன். உன் பையன் அந்தத் தொடரை வைத்தான்.

பூமியில் தண்ணீர் தீர்ந்துபோய், வேறு உலகம் தேடிக் கப்பலில் போகிற நாலு பேருடைய கதை. தமிழில்தான் பேசினார்கள். பேச்சு உனக்கே கேட்டது. பேச்சு இல்லாத இடத்தில் நீ தலையைத் திருப்பி, "இன்னாடா ஆவுது?" என்றாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு நீயாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"கப்பலு வானத்துல போவுது."

"வானம் எப்பிடி இருக்குது?"

"கருப்பு."

"இன்னா கருப்பு?"

"மில்லுல கரண்டு போனா இருக்குமே, அது."

"நட்சத்திரம்?"

"தவுடு சிந்துனாப்பல."

"உனுக்கு வானத்துலயும் மில்லுதானா?" என்று சிரித்தாய். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, உனக்குத் தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதை உன்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் தினம் அதுதான் நமக்கு வேலை. நீ லேசில் விடமாட்டாய். சிவப்பாக ஒரு உலகம் வந்தது என்றால், "செவப்புன்னு மொட்டையா சொல்லாதே. அரக்கா, மிளகாய்ப்பழமா?" என்பாய். நான் முழிப்பேன். "அரக்குதான் தாசு" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுப்பாள். "நீ சும்மா இரு. அவன் சொல்லட்டும்" என்பாய். அப்படித்தான் வாடாமல்லியும் மயில்கழுத்தும் எனக்குப் பழக்கமாயின. வயது போன காலத்தில், உன் கண் பார்க்காத உலகங்களுக்கு நீ சேலைக் கலரை வைத்துப் பேர் சொல்லிக்கொடுத்தாய்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. கப்பலுக்குள் இருக்கிற திரையில் அடிக்கடி எழுத்து ஓடும். அதைத் தமிழிலும் கீழே போடுவார்கள். உன்னால் பார்க்க முடியாது, என்னால் படிக்க முடியாது. நீதான் வழி சொன்னாய். உள்ளங்கையை என் பக்கம் நீட்டி, "தெரியறாப்பல வரை" என்றாய். நான் டிவியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, சுழியும் கோடுமாக உன் கையில் விரலால் வரைந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு படித்தாய். மூடுவதற்கு என்ன இருந்தது? ஆனாலும் மூடிக்கொள்வாய். ஒரு வரி படிக்க அரைமணி ஆகும். உன் பையன், "அப்பா, நான் படிச்சுச் சொல்லட்டுமா?" என்பான். "போடா" என்று இரண்டு பேரும் சொல்வோம்.

கப்பலை ஓட்டுகிற நோராவை உனக்குப் பிடிக்கும். அதிகம் பேசாமல் வேலையைப் பார்ப்பவள். தலைவன் டோரனை ஆகவே ஆகாது. அவன் வாயைத் திறந்தாலே, "வந்துட்டான் பாரு" என்பாய். கடைசியாக நாம் பார்த்த பகுதியில் கப்பலின் வெளிப்பக்கம் ஏதோ உடைந்து, சரிபண்ண நோரா வெளியே போகிறாள். சரிபண்ணியும் விடுகிறாள். ஆனால் கயிறு அறுந்துபோகிறது. திரும்பி வந்து அவளைத் தூக்க நேரம் இல்லை என்று டோரன் கப்பலைக் கிளப்பிவிடுகிறான்.

நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"இன்னாடா ஆவுது? சொல்லு."

"போறாங்க வாத்தியாரே."

"யாரு?"

"எல்லாரும். அவ மட்டும் கைய ஆட்டிக்கினு நிக்கறா."

"கூப்புடறாளா?"

"வாய் அசையுது. சத்தம் வரலே."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாய். "அவ சரிபண்ண கப்பலுடா அது" என்றாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. கதை அதோடு நின்றது. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் உன் சிறுநீரகமும் போனது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஆட்டோவில் போய் வருவோம். வழியெல்லாம் அவள் பேச்சுதான். காற்று எத்தனை நாளைக்கு வரும், பக்கத்தில் எதாவது உலகம் இருந்ததா, கடைசியாக அவள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என் மணிக்கட்டைப் பிடித்து, "அது வந்தா எனக்கு முன்னாடி நீ பாத்துடாதே தாசு" என்றாய். "நீ இல்லாம நான் எங்க பாக்கப்போறேன்?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது மழை. பாலாறு நுரைத்துக்கொண்டு போனது. எல்லாரும் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. என்ன நிறம் என்று கேட்க ஆள் இல்லை.

அந்தத் தொடரின் அடுத்த பகுதி நீ போன பிறகு வந்தது. நான் பார்க்கவில்லை. என் பேரன் கதையைச் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவேன். டீக்கடையில் யாராவது நோரா என்றால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இனிமேல் உனக்கு எப்படித் தெரியப்போகிறது, எனக்கும் தெரியாமலே போகட்டும் என்று ஒரு வீம்பு.

உன் முதல் வருஷத் தெவசத்தன்று அண்ணி எனக்கு ஆள் அனுப்பினாள். மிளகு போட்ட இட்லி, வடை, இத்தனை நாளாக உனக்குக் கொடுக்காத சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் காபி, எல்லாம் உன் படத்துக்கு முன்னால் இருந்தன. உன் பையன் டிவியில் அந்தப் பகுதியை எடுத்து வைத்திருந்தான். "அவருக்குப் பிடிச்சதெல்லாம் வெக்கணும் இல்ல? இதுதான் பெரிய குறையா நின்னுபோச்சு" என்றாள் அண்ணி. கற்பூரம் காட்டி, டிவியை ஓடவிட்டு, நீ வந்து பார்க்கட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

வாசலில் நின்றோம். உள்ளே கப்பல் சத்தம் கேட்டது. பிறகு பேச்சே இல்லாத ஒரு நீள இடம் வந்தது. அண்ணி திடுக்கென்று என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அவருக்கு இன்னா தெரியும்?" என்றாள். "நீ உள்ள போ தாசு."

உன் பெரியப்பா மகன் குறுக்கே வந்தார். "படையலு போட்டுக் கதவைச் சாத்துனா யாரும் போவக்கூடாதும்மா. அதுவும் அவரு பங்காளி இல்ல, சர்ச்சுக்குப் போற வேதக்காரரு. செத்தவங்களுக்குக் கண்ணு ஏது, காது ஏது, எல்லாம் தானா தெரியும்."

"தெரியுமோ தெரியாதோ மாமா. தாசு சொல்லாம அவரு ஒண்ணும் பாத்ததில்ல" என்று அண்ணியே கதவைத் திறந்தாள்.

நான் உள்ளே போய் உன் நாற்காலிக்குப் பக்கத்தில், எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தேன். அவ இருக்கா வாத்தியாரே, சின்னதா ஒரு உலகத்துல போய் வுழுந்திருக்கா. தரை வாடாமல்லிக் கலரு, ஓரத்துல கொஞ்சம் சாம்பலு. கையில இருக்கற மைக்குல கப்பலக் கூப்புடறா. பதிலு வரலே. மறுபடியும் கூப்புடறா. தினம் கூப்புடறா. பிறகு ஒரு நாள் மலைக்கு அந்தப் பக்கம் அந்தக் கப்பலே உடைந்து கிடப்பதை அவள் பார்த்தாள். உள்ளே ஏறினாள். அங்கே ஒரு திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதில் எழுத்து.

நான் டிவியை நிறுத்தினேன். விரல் தானாக நீண்டது. வரைய உன் கை இல்லை. என் ஆயுசில் எழுத்து தெரியாததற்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணி" என்று கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். யாரும் தடுக்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, கப்பலில் போனவர்களின் பேர்களையும், பக்கத்தில் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று போட்டிருந்ததையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். அவள் படிக்கப் படிக்க, நான் உன் படத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன். படித்து முடித்ததும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொண்ணு இத்தினி நாளா யாரைக் கூப்புட்டுக்கினு இருந்துச்சு தாசு?" என்றாள்.

அதற்கு அப்புறம் அந்தத் தொடர் இன்னும் வந்ததாம். நான் பார்க்கவில்லை. நீ கேட்டது அதோடு தீர்ந்தது. அந்த நாலு பேர்கள் மட்டும் என்னோடு இருக்கின்றன. தினமும் ஜெபம் சொல்லி முடித்ததும் உனக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள். டோரன் இல்லை. எலின் இல்லை. பாஸ்கோ இல்லை. உயிரோடு இருப்பது நோரா.